நிலமும் உரிமையும்

ஓசூரினின்று சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி செல்வோர், கேழ்வரகு விளைந்த புன்செய்களினிடையே தொழிற்சாலைகள் எழுந்து நிற்றலைக் காண்பர். அவற்றாற் பல குடும்பங்கள் பிழைப்புப் பெற்றன என்பதை யாம் மறுக்கின்றிலேம். ஆயினும், ஆலைக்கு நிலம் விட்டவர் இசைந்து விட்டனரா என்னும் வினா நம் அரசியற் சட்டத்தின் வரலாற்றையே தொடுவதாம்.

1950இல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது சொத்துரிமையும் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாயிருந்தது. மறு ஆண்டே முதலாம் திருத்தம் ஒன்பதாம் அட்டவணையைப் படைத்து, ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்கு அரணாக்கிற்று. அக்காலை மத்திய உள்நாட்டு மந்திரியாயிருந்தவர், ஓசூரையடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராஜகோபாலாச்சாரியார். 1964இல் பதினேழாம் திருத்தம் இரயத்துவாரி நிலங்கள் மீதும் கைவைத்தபோது அவரே அதனை வன்மையாய் எதிர்த்தார். முரண் என்பாரும் உளர். ஜமீன்தார் வேறு, உழுதுண்பான் வேறு என்பதே எம் துணிபு. எனினும் நடுநிலையிற் கூறின், உச்சவரம்புக்குட்பட்டுத் தானே உழும் நிலத்தைக் கொள்ளுமிடத்துச் சந்தை விலைக்குக் குறையாத ஈடு தரவேண்டுமென்னும் காப்பும் அத்திருத்தத்திலேயே உண்டு.

1978ஆம் ஆண்டின் நாற்பத்து நான்காம் திருத்தமோ இருமுகமுடையது. காவலில் வைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு வேண்டி வழக்கிடவும் இயலாதென நெருக்கடி நிலையின்போது 1976இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. அத்தகைய காலத்தும் உயிருரிமை முடங்கலாகாதென இத்திருத்தம் விதித்தது. இஃது என்றும் போற்றற்குரியது. அதே கையால் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளினின்று நீக்கி, 300ஏ பிரிவில் வெறுஞ் சட்டவுரிமையாக வைத்தது. அதன்பொருட்டு நேரே உச்ச நீதிமன்றம் ஏகும் வழி அடைபட்டது. வழக்கறிஞரை அமர்த்தவல்ல செல்வர்க்கு இதனாற் பெருங்குறை யாதுமில்லை. இரண்டு ஏக்கர் உழவனுக்கோ அஃது அங்ஙனமன்று.

தமிழ்நாட்டிற் தொழிற்கென நிலங் கொள்ளுதற்கு 1997ஆம் ஆண்டுச் சட்டமொன்று உளது. 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வேண்டும் சமூகத் தாக்க ஆய்வு இதற்கு வேண்டாவென மாகாணத்தார் விலக்களித்துக்கொண்டனர். 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விலக்குச் செல்லாதென்றது. அவ்வாண்டே புதுச்சட்டம் இயற்றி அதனை மீட்டனர். 2021இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. இயற்ற அதிகாரமுண்டு என்பதே தீர்ப்பு. இயற்றியது நன்றோ என்பது நம்மனோர் ஆராயற்பாலது.

பழைய சொத்துரிமையை மீட்பிக்க யாம் வேண்டுகின்றிலேம். அது மீளின் சிற்றுழவனினும் பெருநிலக்கிழாரே முந்துவர். விலக்கை நீக்கி, நிலத்தை அளக்குமுன் ஊராரைக் கூட்டி ஆய்வு நிகழ்த்துக. ஓசூர்ப் புறத்தே தெலுங்கும் கன்னடமும் பேசும் உழவர் பலராதலின், அறிவிப்பை அவர்தம் மொழிகளிலும் படித்துக் காட்டுக.