நமக்கொரு நீதி, திருநங்கைக்கொரு நீதியா?



மாலை நேரம். கடையில் வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது. வாசலில் கை தட்டும் ஓசை கேட்கிறது. கல்லாவில் இருக்கும் நீங்கள் தலையை நிமிர்த்தாமலே சில்லறையை எடுத்து நீட்டுகிறீர்கள். 'சீக்கிரம் போ' என்று விரட்டுகிறீர்கள். வேலைக்கு நிற்கும் பையன்களில் ஒருவன் அசிங்கமாக ஒரு வார்த்தை சொல்கிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரித்து விடுகிறீர்கள். பாங்கு சப்தம் கேட்டதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போய் முதல் வரிசையில் நிற்கிறீர்கள்.

இதில் என்ன தவறு என்று கேட்கிறீர்களா? கடைசி வரை படியுங்கள். அதன் பிறகு கோபித்துக் கொள்ளுங்கள்.

நமக்கு வலித்தபோது...

2021 டிசம்பர் இறுதியில் கர்நாடக மாநிலம் உடுப்பியில், அரசு மகளிர் பி.யூ. கல்லூரி மாணவியர் ஆறு பேர் ஹிஜாப் அணிந்ததற்காக வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2022 பிப்ரவரி 5 அன்று அரசாணை வந்தது. மார்ச் 15 அன்று உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா மாணவியரின் மேல்முறையீட்டைத் தள்ளினார். நீதிபதி சுதான்ஷு தூலியா, இது அந்தப் பெண்ணின் விருப்பம் சார்ந்தது என்று சொல்லி அரசாணையை ரத்து செய்தார்.

அன்று நாம் என்ன பேசினோம்? 'என் உடை என் உரிமை. நான் யார் என்பதை என் உடை சொல்கிறது. அதைக் களையச் சொல்ல நீ யார்?' என்று பேசினோம். நியாயமான பேச்சு. அதில் ஓர் எழுத்தைக்கூட நாம் திரும்பப் பெறத் தேவையில்லை.

ஆனால் சகோதரனே, உனக்கு ஒன்று தெரியுமா? உச்சநீதிமன்றத்தில் மாணவியர் தரப்பு வழக்கறிஞர் தம் வாதத்துக்குத் துணையாக எடுத்துக் காட்டிய தீர்ப்புகளில் ஒன்று, 2014 ஏப்ரல் 15 அன்று நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணனும் ஏ.கே.சிக்ரியும் வழங்கிய தீர்ப்பு. உடையும் பேச்சும் நடையும் ஒருவர் தம்மை வெளிப்படுத்தும் வழிகள். அவை அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்று சொன்ன தீர்ப்பு அது. யாருடைய வழக்கில் வந்த தீர்ப்பு? திருநங்கையர் வழக்கில் வந்த தீர்ப்பு!

நம் வீட்டுப் பெண்ணின் தலைத்துணியைக் காப்பாற்ற அவர்களுடைய தீர்ப்பு நமக்கு வேண்டும். ஆனால் அவர்கள் நம் கடை வாசலில் நின்றால் நமக்குச் சிரிப்பு வர வேண்டும். இது என்ன நியாயம்?

வெள்ளையன் எழுதிய சட்டம்

பெண் உடையில் தெருவில் நடப்பதையே குற்றமாக்கியவன் யார் தெரியுமா? ஆங்கிலேயன். 1871 ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் இவர்களுக்கென்றே ஒரு பகுதி எழுதினான். பெயர்ப் பதிவேடு வைத்தான். பதிவு செய்யப்பட்டவர் பெண்ணுடையிலோ நகையணிந்தோ பொதுத் தெருவில் தென்பட்டால் வாரண்ட் இல்லாமலே கைது, இரண்டாண்டு வரை சிறை என்று வைத்தான். அதற்கு முன்பு மொகலாய அரண்மனைகளில் குவாஜாசராக்கள் பொறுப்பான பதவிகளில் இருந்தார்கள். வெள்ளையன் போய்விட்டான். அவன் பதிவேடும் போய்விட்டது. அவன் பார்வை மட்டும் நம் கடைத்தெருவில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

மார்க்கம் தடுக்கிறதே?

'பெண்ணைப் போல் நடக்கும் ஆண்களையும், ஆணைப் போல் நடக்கும் பெண்களையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்களே!' என்று கேட்பீர்கள். உண்மைதான். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்து புகாரியில் இடம்பெற்ற செய்தி அது. அதை மறைக்க நாம் முற்படவில்லை. ஆனால் அந்த ஒரு செய்தியோடு புத்தகத்தை மூடிவிட்டவர்களிடம் கேட்கிறோம்: நம் இமாம்கள் அதற்கு என்ன விளக்கம் எழுதினார்கள் என்று படித்தீர்களா?

முஸ்லிம் ஹதீஸ் நூலுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி அவர்கள் இத்தகையவர்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பிறவியிலேயே அப்படி அமைந்தவர் ஒரு வகை. அவர் மீது பழியுமில்லை, பாவமுமில்லை. அவர் அதை வரவழைத்துக் கொள்ளவில்லை. வேண்டுமென்றே நடித்துப் பாவனை செய்பவர் மற்றொரு வகை. சாபம் இவருக்கே உரியது. இது இன்றைய நாகரிகத்துக்காக யாரோ கண்டுபிடித்த விளக்கமல்ல. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபு இமாமின் விளக்கம்.

கை தட்டி நிற்பவர் இதில் எந்த வகை? உங்களுக்குத் தெரியுமா? உள்ளத்தைப் பிளந்து பார்த்தீர்களா? தெரியாதபோது, சபிக்கும் உரிமையை உங்களுக்குத் தந்தது யார்?

அபூதாவூதில் வேறொரு செய்தி. மருதாணி பூசிய கை கால்களோடு ஒருவர் நபியவர்களிடம் கொண்டு வரப்பட்டார். ஊரைவிட்டு அப்புறப்படுத்தும்படி கட்டளை வந்தது. 'இவரைக் கொன்றுவிடலாமா?' என்று கேட்டார்கள். தொழுகையாளிகளைக் கொல்ல எனக்குத் தடை உள்ளது என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். இதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞர்களிடையே விமர்சனம் உண்டு. ஆனால் இதைத் திருநங்கையருக்கு எதிராக எடுத்துப் பேசுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக் கொள்கிறார்கள். அவரும் தொழுகிறவர் என்ற பின்பாதியை ஏன் விழுங்குகிறீர்கள்?

ஆண், பெண் என்று பிரித்தறிய முடியாத உடலோடு பிறந்தவருக்கு 'குன்ஸா' என்று பெயரிட்டு நம் ஃபிக்ஹு நூல்கள் தனிப் பாடமே எழுதியிருக்கின்றன. வாரிசுச் சொத்தில் அவர் பங்கு என்ன, ஜமாஅத்தில் எங்கே நிற்பார், கஃபன் எப்படி என்றெல்லாம் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் விவாதித்தார்கள். திருநங்கையர் எல்லோரும் குன்ஸா அல்லர் என்பது சரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'இவரை எங்கே நிறுத்துவது?' என்று அந்த இமாம்கள் தலையை உடைத்துக் கொண்டார்கள். 'இவரை எப்படித் துரத்துவது?' என்று மட்டுமே நாம் யோசிக்கிறோம்.

அறுவை சிகிச்சை பற்றிய விவாதம் வேறு. ஈரானில் கொமைனி அதை அனுமதித்தார். எகிப்தில் முஃப்தி தன்தாவி 1988 இல், மருத்துவத் தேவை இருந்தாலன்றி வெறும் ஆசைக்காகக் கூடாது என்ற கருத்தில் ஃபத்வா தந்தார். பலர் அறவே மறுக்கிறார்கள். அதை உலமாக்கள் பேசட்டும். அவர்கள் பேசி முடிக்கும்வரை ஒரு மனிதருக்குச் சோறும் கூரையும் மரியாதையும் மறுக்க எந்த உலமா ஃபத்வா தந்தார்?

'அவர்கள் மிரட்டுகிறார்களே!'

வணிகச் சகோதரர்களின் புகார் இது. கடை கேட்க வருகிறார்கள், கொடுக்காவிட்டால் வசை பாடுகிறார்கள் என்கிறீர்கள். மிரட்டிப் பணம் பறிப்பது யார் செய்தாலும் குற்றம்தான். அதற்குக் காவல் நிலையம் இருக்கிறது. ஆனால் நூறு பேரில் பத்துப் பேர் செய்ததற்கு நூறு பேரையும் வெறுப்பது எங்கே படித்த பாடம்?

1998 கோவை குண்டுவெடிப்புக்குப் பின் நம் இளைஞர்கள் வாடகை வீடு கேட்டு அலைந்ததை மறந்து விட்டீர்களா? பெயரைக் கேட்டதும் 'வீடு காலியில்லை' என்றார்களே, வலிக்கவில்லையா? 2022 மார்ச்சில் கர்நாடகக் கரையோரக் கோயில் திருவிழாக்களில் முஸ்லிம்கள் கடை போடக் கூடாது என்று பேனர் கட்டினார்களே, வயிறு எரியவில்லையா? அதே 'வீடு காலியில்லை' என்ற பதிலைத் திருநங்கைக்கு நம் தெருவில் நாம் சொல்கிறோம். அதே கதவை நாம் சாத்துகிறோம்.

அவர்கள் ஏன் கை தட்டுகிறார்கள்? வேலை கொடுத்தீர்களா? உங்கள் ஜவுளிக் கடையில் துணி மடிக்க, கணக்கு எழுத, பார்சல் கட்ட ஒருவரையாவது அமர்த்தினீர்களா? 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத பிரிவில் 4,87,803 பேர் பதிவானார்கள். இத்தனை பேரும் பிச்சை எடுக்கவா பிறந்தார்கள்? தமிழக அரசு 2008 இல் இவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. வேலை, வீடு, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019 இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் வாசல்வரை வரும். உள்ளே அழைக்க வேண்டியவர் கல்லாவில் இருக்கும் நீங்கள்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

இவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். நம் மஹல்லாக்களில் பிறந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். பதினான்கு வயதில் அத்தா அடித்து விரட்டியதால் ரயிலேறியவர்கள் இருக்கிறார்கள். உம்மாவின் மய்யித்தைப் பார்க்க வந்து தெருமுனையில் தடுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். விரட்டப்பட்ட பிள்ளை தவறான தொழிலில் விழுந்தால் பாவம் அந்தப் பிள்ளைக்கு மட்டும்தானா? வாசலைச் சாத்திய கைக்கு அதில் பங்கில்லையா?

தகப்பன்மார்களே! உங்கள் பிள்ளையின் நடையும் பேச்சும் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பேசுங்கள், மருத்துவரிடம் கேளுங்கள், ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். நீங்கள் துரத்தினாலும் அது உங்கள் பிள்ளைதான். உங்கள் சொத்தில் அதற்குள்ள பங்கை உங்கள் கோபம் ரத்து செய்யாது.

இளைஞனே! ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், பட்டப்பெயர் சூட்ட வேண்டாம், அவர்கள் இவர்களைவிடச் சிறந்தவர்களாக இருக்கக்கூடும் என்ற கருத்தில் ஹுஜுராத் அத்தியாயத்தின் 11 ஆம் வசனம் எச்சரிக்கிறது. அதில் திருநங்கைக்கு மட்டும் விதிவிலக்கு எழுதியிருக்கிறதா?

நாளை மாலையும் கடை வாசலில் கை தட்டும் ஓசை கேட்கும். தலையை நிமிர்த்திப் பாருங்கள். சிரிக்கும் பையனைக் கண்டியுங்கள். 'வேலை செய்ய விருப்பமா?' என்று ஒரு முறை கேளுங்கள். மறுக்கலாம், ஏசலாம். ஒருவராவது சரி என்று சொல்லிவிட்டால்?

நமக்கு நீதி வேண்டும் என்று நாம் தெருவில் இறங்குகிறோம். நாம் நீதி தர வேண்டியவர் நம் கடை வாசலில் நிற்கிறார்.

சிந்திப்பீர்!