ஆண் கடலும் பெண் கடலும்

சென்ற வாரம் என் மகள் நொய்டாவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது குழந்தைகளைக் கடலுக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம். அவருக்கு அலை அடிக்கிற கடல்தான் வேண்டுமாம். எனக்கு அமைதியான தண்ணீர் போதும். வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது. நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்றாள்.

மாமனார் சொல்லும் தீர்ப்பு எந்த மாப்பிள்ளைக்குப் பிடிக்கும்? "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. இந்தக் கேள்விக்கான பதில் எனக்கு 1994-ஆம் ஆண்டு மே மாதமே கிடைத்துவிட்டது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை காலம் இருந்துவிட்டேன். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவும் கோடையில் கடற்கரைக்குக் கிளம்பும் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

அந்த ஆண்டு எல்.டி.சி.யில் பூரிக்குப் போனோம். நான், மனைவி, என் தாயார், எட்டு வயது மகள். ஜகந்நாதர் தரிசனம் முடிந்ததும் மகோததி ஸ்நானம். பூரிக் கடற்கரையில் கூம்பு வடிவத் தொப்பி போட்ட மீனவர்கள் நிற்பார்கள். நுலியா என்று பெயர். கையைப் பிடித்துக் கடலுக்குள் அழைத்துச் சென்று, குளிக்க வைத்து, பத்திரமாகக் கரையில் விடுவது அவர்கள் தொழில். ஒருவர் வந்து கேட்டார். நான் வேண்டாம் என்றேன். "நான் காவேரியில் நீந்தியவன்" என்று அரைகுறை ஹிந்தியில் பெருமை வேறு பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

அலை பலமாகத்தான் இருந்தது. குழந்தைக்குப் பயம். சுற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பத்தடி அகலத்துக்கு மட்டும் தண்ணீர் அடங்கிக் கிடந்தது. 'இங்கேதான் குழந்தைக்கு நல்லது' என்று அவளை அங்கே அழைத்துப் போனேன். இடுப்பளவு தண்ணீர்தான். அடுத்த நிமிடம் காலடி மணல் சரிந்தது. அதற்கடுத்த நிமிடம் காலுக்குத் தரையே இல்லை. ஒரு கையில் மகளைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்து வெறி பிடித்தவன்போல் நீந்தினேன். நீந்த நீந்தக் கரை தள்ளித் தள்ளிப் போயிற்று. மகள் ஒரு சத்தமும் போடவில்லை. மூழ்கப் போகும் குழந்தை கத்தும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நான் வேண்டாமென்று சொன்ன அதே நுலியா வந்தார். நேராக வரவில்லை, பக்கவாட்டில் வந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு, என்னையும் பக்கவாட்டிலேயே இழுத்துக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் போனதும் இழுப்பு விட்டுப்போயிற்று. பிறகு அலையே எங்களைக் கரையில் கொண்டு தள்ளியது. மூச்சு வாங்க மணலில் உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்ன ஒரே வார்த்தை: "பாபு, நதிக்கு இரண்டு கரை. கடலுக்கு ஒரு கரைதான்."

நான் செய்த தவறு என்ன என்பது பின்னால் படித்துத்தான் புரிந்தது. அலை கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் ஏதாவது ஒரு வழியில் திரும்பிப் போயாக வேண்டும். பல இடங்களில் அது ஒரு குறுகலான வாய்க்கால்போல் வேகமாகக் கடலை நோக்கி ஓடுகிறது. அந்த வாய்க்கால் ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை. எனவே பார்க்க அமைதியாகத் தெரியும். அலைக்கடலில் அலை இல்லாத இடம்தான் மிக ஆபத்தான இடம்! இழுப்பின் வேகம் சில சமயம் விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். தேர்ந்த நீச்சல்காரரும் அதை எதிர்த்து வெல்ல முடியாது. ஆனால் அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே இழுத்துச் செல்கிறது. பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் தப்பிவிடலாம். காவேரியில் வெள்ளம் வரும்போது நாங்களும் எதிர்த்து நீந்த மாட்டோம், சாய்ந்து போய்த்தான் கரை ஏறுவோம். தெரிந்த பாடமே பதற்றத்தில் மறந்துபோயிற்று.

நம்மைப் போல் வெளியூரில் வாழ்கிறவர்களுக்கு இதில் ஒரு தனிப்பட்ட பலவீனம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறோம். 'நம் கடலைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும்' என்று துடிக்கிறோம். கடலே பார்க்காமல் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நாமோ, தமிழனுக்குக் கடல் பழக்கம் பரம்பரைச் சொத்து என்று எண்ணிக்கொண்டு இறங்குகிறோம். கடல் பழக்கம் கடலோரத்து மீனவருக்கு உண்டு. தஞ்சாவூர்க்காரனுக்கும் கோயம்புத்தூர்க்காரனுக்கும் ஏது? 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள்தாம் நாம். இருந்தும் ஆழம் தெரிந்தவரிடம் கேட்பதற்கு கௌரவம் குறுக்கே நிற்கிறது.

சரி, அமைதியான தண்ணீர் எங்கே இருக்கிறது? ராமேஸ்வரத்து மீனவர்களிடம் இதற்கு அழகான விடை உண்டு. தீவின் வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அவர்கள் சொல்வார்கள். ஆழம் குறைந்த பாக் விரிகுடாவை இலங்கைத் தீவும் மணல்திட்டுகளும் அணைபோல் மறைத்துக் காக்கின்றன. தென்கடலிலிருந்து வரும் பெரிய அலைகள் உள்ளே நுழைவதில்லை. பூரியில் என்னைப் புரட்டிப்போட்ட கடலுக்கு மகோததி என்று பெயர் அல்லவா? ராமேஸ்வரத்தின் வடகடலுக்கும் அதே மகோததி என்றுதான் பெயர். பெயர் ஒன்றாக இருந்தாலும் இங்கே அக்னி தீர்த்தத்தில் குளம்போல் கிடக்கிறது.

பூரி அனுபவத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் நாங்கள் கடல் பக்கமே போகவில்லை. 1996 கோடையில்தான் மனம் தேறி ராமேஸ்வரம் போனோம். வழியில் உச்சிப்புளிக்கு அருகே பெண் கடல் ஓரம் அரியமான் கடற்கரையில் ஒரு நாள் முழுவதும் இருந்தோம். அன்றுதான் ஒரு விஷயம் என் மண்டையில் உறைத்தது. அதற்குமுன் எத்தனையோ கடற்கரைகளுக்குப் போயிருக்கிறோம். எல்லா இடத்திலும் நானும் குழந்தையும் தண்ணீரில் இறங்குவோம். என் மனைவி செருப்புக்கும் பைக்கும் காவலாக மணலில் உட்கார்ந்திருப்பாள். என் தாயார் முழங்கால் வலியோடு தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். பையை ஒரு சவுக்கு மரத்தடியில் போட்டுவிட்டு, என் மனைவி புடவையோடு கடலில் இறங்கியது அரியமானில்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து! என் தாயார் இடுப்பளவு தண்ணீரில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். யாருக்கு யார் துணை என்று சொல்ல முடியவில்லை. பூரியில் பயந்த குழந்தைக்கும் அன்றுதான் தண்ணீர் பயம் தெளிந்தது.

என் கட்சி இதுதான். குடும்பமாகப் போகிறீர்கள் என்றால், குடும்பம் முழுவதும் இறங்கக்கூடிய தண்ணீருக்குப் போங்கள். வீட்டில் பாதிப்பேர் குளிக்க, பாதிப்பேர் காவல் காப்பதற்குக் குடும்பச் சுற்றுலா என்று பெயர் எதற்கு?

மாப்பிள்ளையின் கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். "அமைதியான தண்ணீரில் என்ன சார் இருக்கிறது? அதற்கு வீட்டுத் தொட்டியே போதுமே. அலையில்தானே பிள்ளைகளுக்குத் தைரியம் வரும்" என்பார் அவர். அலையின் அழகு வேறுதான். கன்னியாகுமரியிலோ திருச்செந்தூரிலோ கரையில் நின்று காலை நனைக்கும் சுகத்தை யார் மறுப்பார்கள்? ஆனால் தைரியம் என்பது முதலில் நீச்சல் கற்றுக்கொண்டபின் வரவேண்டியது. அலையில்தான் குளிப்போம் என்றால் உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள். கோவாவில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவேதான் குளிக்கலாம், சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக்கூடாது. பூரியிலும் ஒரு பகுதி 2020-இல் நீலக்கொடிச் சான்று பெற்றிருக்கிறது. மெரினாவில் மணலைத் தாண்டியதும் ஆழம் சட்டென்று அதிகமாகிறது. குளிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை நமக்காகத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வானம் தெளிவாக இருக்கிறதே என்று ஏமாறவும் கூடாது. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கும் புயலின் அலை, பல நாள் பயணம் செய்து, வெயில் அடிக்கும் நாளில் நம் கரையில் திடீரென்று எழும். கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே ஐந்து மருத்துவ மாணவர்கள் கடலில் இழுக்கப்பட்டு இறந்தது, கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. ரயிலுக்கு இடம் கிடைத்ததா என்று நாளுக்குப் பத்து முறை பார்க்கும் நாம், கிளம்பும் நாள் காலையில் இதையும் ஒருமுறை பார்க்கலாமே.

அமைதியான தண்ணீரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பத் தக்கதல்ல. பெண் கடலே வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் கொந்தளிக்கும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் துடைத்தெடுத்ததை மறக்க முடியுமா? கோடையில் போவது நல்லது, ஐப்பசி கார்த்திகையில் போவதானால் உள்ளூரில் கேட்டுவிட்டு இறங்க வேண்டும். ஏரியிலும் காயலிலும் படகுதான் எமன். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர், 2023 மே 7 அன்று கேரளத்தில் தானூரில் 22 பேர்.  'கொஞ்ச நேரம்தானே' என்று லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறிய குடும்பங்கள்தாம் அதிகம். ஜாக்கெட் தராத படகிலும், அளவுக்கு மேல் ஆள் ஏற்றும் படகிலும் ஏறாதீர்கள். கொடுத்த பணம் போனால் போகட்டும்.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் மூன்று காரியங்களை மறக்க வேண்டாம். கரையிலிருக்கும் மீனவரிடம் கேட்காமல் இறங்கக்கூடாது. குழந்தை பெரியவரின் கையெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும், அந்தப் பெரியவர் கையில் செல்போன் இருக்கக்கூடாது. ஊருக்குப் போகுமுன் இங்கேயே பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும். பரதமும் பாட்டும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யும் நம் சங்கம், பிப்ரவரி மார்ச்சில் ஒரு நீச்சல் வகுப்புக்கும் ஏற்பாடு செய்தால் என்ன? நிர்வாகிகள் யோசிக்க வேண்டும்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் தீர்ப்பு இதோ. இருவரும் ராமேஸ்வரம் போங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபிறகு ரயில் மறுபடியும் ஊருக்குள்ளேயே போகிறது. குழந்தைகளோடு பெண் கடலில் ஆசை தீரக் குளியுங்கள். மாலையில் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போய் நில்லுங்கள். இடது கைப்பக்கம் அடங்கிக் கிடக்கும் கடல், வலது கைப்பக்கம் ஆர்ப்பரிக்கும் கடல், இரண்டும் சேரும் இடம். அலையை அங்கே கண்ணாரப் பாருங்கள், தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள்.

மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. உங்கள் மனைவி ஏன் அலையைக் கண்டு பின்வாங்குகிறாள் என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள், அப்பாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். அதனால் நானே சொல்லிவிட்டேன். அந்த நுலியாவுக்கு நான் மறுத்த பத்து ரூபாயைப் பின்னால் பல மடங்காகக் கொடுக்கப் போனேன். பேசிய கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குழந்தையின் கையில் வைத்துவிட்டுப் போனார் அந்த மனிதர். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.