படுக்கையோரப் பரீட்சை

பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பேருந்துகளிலும் ஆவடி, அம்பத்தூர் ரயில் நிலையங்களிலும், காலைப்பொழுதில் சீருடையணிந்து மருத்துவமனைப் பயிற்சிக்கு விரையும் நர்சிங் மாணவ மாணவியரைக் காணுந்தோறும், இவர்தம் கல்வியை எவ்விதம் பரீட்சிக்கிறோம் என்னும் வினா நம் சிந்தையில் எழாதிருப்பதில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டத்தைத் திருத்தி, நான்காண்டுப் படிப்பை 8 பருவங்களாக வகுத்து, எழுத்துத் தேர்வில் 25 மதிப்பெண்களை அகமதிப்பீட்டுக்கும் 75-ஐப் பல்கலைக்கழகத் தேர்வுக்கும் ஒதுக்கி, பட்டம் பெறுமுன் மருத்துவமனைப் பயிற்சியில் 100 சதவீத வருகை வேண்டுமென்றும் விதித்தது. இவற்றுள் அக்கடைசி விதியே எமக்கு உத்தமமாகத் தோன்றுகிறது. மேஜைக்கு மேஜை நகர்ந்து, குறித்த நிமிஷங்களுக்குள் குறித்த காரியத்தைச் செய்துகாட்டும் ‘ஆஸ்கி’ (OSCE) என்னும் செய்முறைத் தேர்வு முறையும் பாரபட்சத்தைக் குறைக்க வல்லதே. ஆயினும், நடுநிசியில் மூச்சுத்திணறும் முதியவரின் அச்சத்தைத் தணிக்கும் சாமர்த்தியம் எந்த மேஜையிலும் புலப்படுவதில்லை; வார்டில் ஆசிரியை அருகே நின்று, ஊசியிடும் கரத்தையும் பேசும் சொல்லையும் ஒருங்கே கவனித்துத் திருத்தினாலன்றி அது கைகூடாது. இத்தகைய பயிற்சிக்கு ஆயத்தமாக வேண்டிய மாணவர் இரவுகளையோ, எழுதி நிரப்பவேண்டிய ரெக்கார்டு நோட்டுகள் விழுங்கிவிடுகின்றன. ஆதலால், பத்து மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என விதிக்கப்பட்ட விகிதம் காகிதத்தில் மட்டுமன்றி நோயாளியின் படுக்கையருகிலும் மெய்யாக நிலவுகிறதா என்பதைக் கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், முன்னறிவிப்பின்றி வார்டுக்கே வந்து பரிசோதிக்க வேண்டுகிறோம்.