முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நரி சுடும் வீரர்களுக்கு



பதிவு நீளம்தான். வகுப்பில் பாதியில் எழுந்து போக முடியாது, இங்கே போகலாம். இருந்தாலும் முழுக்கப் படியுங்கள்.

நான்கு நாளாக ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர். ராணுவப் புள்ளி போட்ட சட்டை, முகம் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகச் சாயம், கையில் அதே நிறத்தில் கையுறை. காலடியில் செத்த நரி. பின்னணியில் சினிமாப் பாட்டு. 'பிரிடேட்டர் ஹன்ட்டர்' என்று தலைப்பு. நூற்றுக்கணக்கில் லைக். அதில் என்னிடம் படித்தவர்கள் போட்ட லைக்கும் இருக்கிறது. பையன்களின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவர்களுக்குத் தெரியும், அவர்கள் வீட்டாருக்கும் தெரியும்.

முதலில் அந்தச் சாயத்தைப் பற்றியே பேசுவோம். அமெரிக்காவில் கொயோட்டி என்று நரிக்குச் சொந்தமான விலங்கு ஒன்று உண்டு. அதை வேட்டையாடுகிறவர்கள் முகத்தையும் கையையும் மறைத்துக்கொள்வார்கள். காரணம் எளிது. உடம்பைச் சட்டை மூடிவிடும், முகமும் கையும்தான் வெளியே தெரியும். வியர்த்த தோல் வெளிச்சத்தில் பளபளக்கும். துப்பாக்கியைத் தூக்கும்போது முதலில் அசைவது கை. நாய், நரி இனங்களுக்கு நம்மைப் போல எல்லா நிறமும் பிரித்துத் தெரியாது. சிவப்பும் பச்சையும் அவற்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அசைவு உடனே தெரிந்துவிடும். இந்த வரைக்கும் சரி.

ஆனால் நரி கண்ணை மட்டுமா நம்பி வாழ்கிறது? அதற்கு மூக்கு இருக்கிறது. காற்று உன் பக்கத்திலிருந்து அடித்தால், நீ பச்சை பூசினாலும் பவுடர் பூசினாலும் அதற்கு ஒன்றுதான். கடையில் வாங்கிய சாயத்தின் வாசனையே ஊரைக் கூட்டும். இரவில் டார்ச் அடித்துக் கண்ணைக் கூச வைத்துச் சுடுகிறவனுக்கு முகத்தில் சாயம் எதற்கு? அந்தச் சாயம் நரிக்காகப் பூசியது அல்ல, கேமராவுக்காகப் பூசியது. தன்னைப் பெரிய வீரனாகக் காட்டிக்கொள்ள ஒன்று. யார் வீட்டுப் பிள்ளை என்று சட்டென்று தெரியாமல் இருக்க ஒன்று. இரண்டுமே கோழைத்தனம் என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்றும் கேளுங்கள். அதே அமெரிக்காவில் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் உடை போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மறைந்து நின்ற மனிதனை மிருகம் என்று நினைத்து இன்னொரு மனிதன் சுட்டுவிடுகிறான் என்பதால் வந்த சட்டம் அது. நம் ஊரில் விடியற்காலை ஏரிக்கரையில் எத்தனை பேர் நடமாடுகிறார்கள்? தண்ணீர் பாய்ச்சப் போகிறவர், மாடு ஓட்டிப் போகிறவர், ஒதுங்கப் போகிற பெண்கள். புதருக்குள் உருவம் தெரியாமல் துப்பாக்கியோடு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்றால் பயப்பட வேண்டியது நரி மட்டும்தானா?

நிஜமாகவே ஆளைக் கொல்லும் விலங்கோடு வாழ்கிறவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சுந்தரவனத்தில் தேன் எடுக்கவும் மரம் வெட்டவும் போனவர்களைப் புலி பின்னாலிருந்து தாக்கியது. 1986-ல் அவர்களுக்கு மனித முகம் வரைந்த முகமூடிகள் கொடுத்து, தலையின் பின்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். எதிரே பார்த்துக்கொண்டிருக்கிற ஆள்மேல் புலி பாயத் தயங்கும் என்பது கணக்கு. அது வயிற்றுப்பாட்டுக்காகக் காட்டுக்குள் போனவன் உயிர் பிழைக்கப் போட்ட முகமூடி.

நீலகிரியில் 2021-ல் என்ன நடந்தது? டி23 என்ற புலி நான்கு பேர் சாவுக்குக் காரணம் என்றார்கள். சுடுவதற்கு உத்தரவும் வந்தது. உடனே கொல்ல வேண்டாம், உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம். வனத்துறையினர் கும்கி யானை, மோப்ப நாய், டிரோன், கேமரா எல்லாம் வைத்து மூன்று வாரம் மழையிலும் சேற்றிலும் தேடி, அக்டோபர் 15-ம் தேதி மசினகுடி அருகே மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். ஆளைக் கொன்ற புலிக்கே அவ்வளவு பொறுமை காட்ட முடிந்தது. எலி பிடித்துத் தின்னும் நரிக்கு நீ காட்டியது என்ன?

"சார், நரி ஆட்டுக்குட்டியைத் தூக்குது" என்று சிலர் கீழே எழுதுவீர்கள். ஒரு குட்டி போனால் அந்த வீட்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பட்டியைச் சுற்றி வலை கட்டலாம், விளக்குப் போடலாம், நாய் வளர்க்கலாம், குட்டிகளைக் கூடையில் கவிழ்க்கலாம். நம் பெரியவர்கள் செய்ததுதான். தூக்கியது நரியா தெருநாயா என்பதையும் பாருங்கள். நிலக்கடலையையும் நெல்லையும் அழிக்கிற எலியையும் பெருச்சாளியையும் கூலி கேட்காமல் தின்று தீர்ப்பது இந்த நரிதான். அதைச் சுட்டுவிட்டு எலிமருந்துக்குக் காசு கொடுப்பது என்ன விவசாயம்? தவிர, அந்த மூன்று பேரும் ஆடு வளர்க்கிறவர்கள் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் திருத்தம் வந்தபின் நரி முதல் பட்டியலில் இருக்கிறது. கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வேலைக்கு மனுப் போடும் வயதுப் பிள்ளைகள். போலீஸ் வேலைக்குத் தயாராகிறேன் என்று சொல்லிக்கொண்டு இதைச் செய்கிறார்கள்!

என்னை அதிகம் உறுத்துவது வேறு. ஒரு நரிக்குறவர் கையில் செத்த நரி இருந்தால் ஊரே திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கும். நரிக்கொம்பு விற்கிறான், பிடித்துக் கொடு என்போம். (நரிக்குக் கொம்பே கிடையாது, அதை வாங்குகிறவர்களைச் சொல்ல வேண்டும்.) அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரால் பட்ட கேலியை நான் பார்த்திருக்கிறேன். அதே நரியை நம் வீட்டுப் பிள்ளை, வாங்கிய சாயமும் சட்டையும் போட்டுக்கொண்டு கொன்றால் அது வீரம், அதற்கு லைக். இது எந்த ஊர் நியாயம்?

நம் ஊர் பெயரிலேயே புலி இருக்கிறது. வியாக்ரபுரீஸ்வரர் கோவில் கதையை ஆயா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வியாக்ரபாதர் சிவனிடம் புலியின் காலும் நகமும் கேட்டு வாங்கினார். எதற்கு? வண்டு தொடும் முன்னே, வழுக்காமல் மரமேறிப் பூப்பறிக்க. வேட்டை மிருகத்தின் உருவத்தை வாங்கியும் அவர் ஒரு உயிரையும் கொல்லவில்லை.

அது புராணம் என்றால் சரித்திரம் சொல்கிறேன். பக்கத்தில் இருக்கிற வேடந்தாங்கல். 1790-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, சுடக்கூடாது என்று எழுத்திலேயே வாங்கினார்கள். அன்று படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துப்பாக்கி வைத்திருந்தவனை எதிர்த்து, சாயம் பூசாத முகத்தோடு போய் நின்றார்கள்.

பெற்றவர்களுக்கு: இதை விளையாட்டு என்று விடாதீர்கள். பையன் கையில் துப்பாக்கி எப்படி வந்தது என்று இன்று இரவே கேளுங்கள்.

லைக் போட்டவர்களுக்கு: எடுத்துவிடுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அந்த மூன்று பேருக்கு: செத்த நரியின் வாயைக் கையால் பிளந்து போஸ் கொடுத்திருக்கிறீர்கள். வெறிநோய் இருந்த நரியாக இருந்தால்? நாளைக் காலையிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், நான் கூட வருகிறேன். முகத்தை நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்,
திருப்புலிவனம்