சொகுசு என்று யார் சொன்னது?

நமது நாளேடுகளின் ஞாயிறு இணைப்புகளில் வாகனப் பக்கம் என்று ஒன்று வருகிறது. பத்திரிகை அலுவலகங்களிலேயே என் ஆயுளில் பெரும்பகுதி கழிந்தமையால், அப்பக்கம் எவ்வாறு நிரப்பப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். புதிய காரின் படம், இறக்குமதியாளர் தந்த குறிப்பு, இறுதியில் 'பயணச் சொகுசு' என்றொரு பத்தி. எந்த டயரைப் பூட்டினால் குலுக்கம் குறையும், எந்தச் சொக் அப்சோபர் மெத்தென்று இருக்கும் என்றெல்லாம் அதில் ஆலோசனை வழங்கப்படும். கொழும்பு ஏழில் வசிப்பவருக்கான ஆலோசனை அது. அதே ஏட்டை ஹட்டன் பஸ் நிலையத்தில் வாங்கிப் படிப்பவர், முதல்நாள் இரவு தம் மனைவியைக் கொழுந்து லொறியின் பின்தட்டில் கிடத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனவராக இருக்கலாம். அவருக்கு அந்தப் பத்தியில் ஒரு வரிகூட இல்லை.

சொகுசு என்ற சொல்லே இங்கு பொருந்தாது என்பதுதான் என் வாதம். முறிந்த காலோடு போகிறவனுக்கும், பிரசவ வலியோடு போகிறவளுக்கும் டயரும் ஸ்பிரிங்கும் சொகுசுப் பொருட்கள் அல்ல.

குழியின் அடியை முதலில் வாங்குவது டயரினுள் அடைபட்டிருக்கும் காற்று. 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற டன்லொப், பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர். தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காகவே அவர் அதனை முதலில் செய்தார். டயரைத் தாண்டி வரும் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. வாங்கிய அடியில் ஸ்பிரிங் திரும்பத் திரும்ப எகிறிக்கொண்டிராமல் அடக்குவது சொக் அப்சோபர். இம்மூன்றில் ஒன்று செத்துவிட்டால் மிச்ச வேலையைச் செய்வது பயணியின் முதுகெலும்பு.

இப்போது மலையகத்துக்கு வருவோம். அமைச்சர்களும் அதிகாரிகளும் ஏறிவரும் பெரிய ஜீப்புகளின் டயரைப் பாருங்கள். 265/65, 17 என்று பக்கவாட்டில் எழுதியிருக்கும். கணக்குப் பார்த்தால் தரைக்கும் இரும்பு வளையத்துக்கும் இடையில் 172 மில்லிமீற்றர் உயரத்துக்கு றப்பரும் காற்றும். அதற்கு மேல் நீண்ட சுருள் ஸ்பிரிங்குகள். லயத்துக்குப் போகும் பாதையை அந்த வாகனம் விழுங்கிவிடுகிறது. உள்ளே அமர்ந்திருப்பவர், 'பாதை அவ்வளவு மோசமில்லையே' என்று சொல்வது பொய்யல்ல. அவருக்கு அது உண்மையிலேயே தெரிவதில்லை!

அதே பாதையில் முச்சக்கர வண்டி வருகிறது. அதன் சக்கர வளையம் எட்டு அங்குலம், டயரின் உயரம் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர். பஸ்ஸின் பெரிய சக்கரம் தாண்டிவிடுகின்ற குழியினுள் இந்தச் சிறு சக்கரம் முழுவதுமாக இறங்கி ஏறவேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். காருக்குச் சக்கரத் தடம் இரண்டு. நல்ல சாரதி குழியை நடுவில் விட்டு ஓட்டிவிடுவார். முச்சக்கர வண்டிக்குத் தடம் மூன்று. முன்சக்கரத்தைக் காப்பாற்றினால் பின்சக்கரம் விழும், பின்சக்கரத்தைக் காப்பாற்றினால் முன்சக்கரம் விழும். தோட்டத்து மக்களின் அம்புலன்ஸ் பல இடங்களில் இதுதான்.

லொறியின் கதை இதனிலும் கொடியது. ஹட்டனில் டயர் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "லோடு இருந்தாத்தான் ஐயா ஸ்பிரிங் எறங்கும். வெறும் லொறியில ஏறிப் போனா கொடலு வாய்க்கு வந்திரும்." பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதும் இதுவே. மூன்று தொன் சுமைக்கென அடுக்கப்பட்ட தகட்டு ஸ்பிரிங்குகள் ஒரு நோயாளியும் நான்கு உறவினரும் ஏறினால் அசையவே மாட்டா. நல்ல காரின் உடல் நொடிக்கு ஒரு தடவை, ஒன்றரைத் தடவை என்ற கணக்கில் மெல்ல ஆடும். இறுகிய ஸ்பிரிங்கின் மேல் அந்த ஆட்டம் விரைவுபடும். நிமிர்ந்து அமர்ந்திருக்கும் மனித உடல், மேலும் கீழுமான அதிர்வில் மிகவும் துன்புறுவது ஏறத்தாழ நொடிக்கு 4 முதல் 8 தடவை என்ற எல்லையில்தான். உடலதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631 என்ற சர்வதேச நியமமே இதனைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது. போதாக்குறைக்கு நமது மழை. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. சேறும் துருவும் ஏறிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் இறுகிப்போகின்றன. பிறகு அது ஸ்பிரிங் அல்ல, இரும்புக் கட்டை.

"மலைப்பாதை என்றால் குலுங்கத்தானே செய்யும்?" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அவர்கள் அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில் ஒருமுறை வரட்டும். வளைவுகள் தலையைச் சுற்றவைக்கும். ஆனால் தார்க் கம்பளம் போட்ட அந்த வீதியில் குலுக்கம் குறைவு. அதிலிருந்து விலகித் தோட்டத்துப் பாதையில் இறங்கியதும் பல்லோடு பல் மோதத் தொடங்கும். மலையும் மழையும் இரண்டுக்கும் ஒன்றுதானே? வேறுபடுவது பாதையின் சொந்தக்காரர்.

அங்கேதான் அரசியல் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அவர்களின் பாதைக்கு ஒரு கூடைக் கல் போட முடியாத நிலை! 2018இல்தான் அது திருத்தப்பட்டது. ஏறத்தாழ முப்பத்தொரு ஆண்டுகள். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவத்தைப் பொறுப்பேற்ற கம்பனிகளுக்கோ, கொழுந்து தொழிற்சாலைக்குப் போய்ச்சேர்ந்தால் போதும். கொழுந்துக்கு முதுகெலும்பு இல்லை அல்லவா? சட்டம் திருந்திய பின்னரும் கம்பனி சபையைக் காட்டுகிறது, சபை நிதியில்லை என்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள், இருந்த பாதைகளையும் கிழித்துப் போட்டன.

டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட வைத்தியசாலையை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். நல்ல கட்டடம். மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் வாசலுக்கு வந்துசேரும் வரை நோயாளி எந்த ஸ்பிரிங்கின் மேல் கிடக்கிறார் என்பதை அன்று மேடையில் இருந்த எவரும் கேட்டதாக நான் அறியேன்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 2008 முதல் இந்நாட்டில் வாகனங்களுக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை நடக்கிறது. குழாயைச் செருகி, கணினியில் எண்களைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். வேண்டியதுதான். ஆனால் அந்தச் சான்றிதழுக்குச் சொக் அப்சோபரில் எண்ணெய் ஒழுகுகிறதா, ஸ்பிரிங் தகடு உடைந்திருக்கிறதா என்பது பொருட்டல்ல. சொக் செத்துப்போன வண்டியில் சக்கரம் தரையைப் பிடிக்காமல் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்கு பிரேக் இல்லை. ஆகவே இது பயணியின் இடுப்புவலியோடு நின்றுவிடுகிற காரியமல்ல.

நான் கேட்பது அதிகமில்லை. புகையை அளக்கும் அதே நிலையத்தில் சொக்கையும் ஸ்பிரிங்கையும் டயரையும் பார்க்கட்டும். முச்சக்கர வண்டிக்காரரிடம் பணமில்லை என்பார்கள். குத்தகைத் தவணை கட்டுகிறவர்தான், எனக்கும் தெரியும். அப்படியானால் சொக் அப்சோபருக்கு வரியைக் குறையுங்கள். மனிதரை ஏற்றும் வேலைக்குக் கொழுந்து லொறியைத் தோட்ட நிர்வாகங்கள் அனுப்புவதை நிறுத்தட்டும். தோட்டத்துக்கு ஒன்றாவது, மென்மையான ஸ்பிரிங் கொண்ட, படுக்கை பூட்டிய வேன் வைக்கட்டும். பாதைகளைப் பற்றிச் சபைத் தவிசாளர்களுக்கும் கம்பனி முகாமையாளர்களுக்கும் ஒரு யோசனை. அடுத்த முறை 'களப் பார்வை'க்கு வரும்போது ஜீப்பைப் பிரதான வீதியில் நிறுத்திவிட்டு, தொழிற்சாலை வாசலில் நிற்கும் வெறும் லொறியின் பின்தட்டில் ஏறி, கடைசி லயம் வரை போய்வாருங்கள். மெத்தை எதுவும் விரிக்க வேண்டாம்.