பத்து ரூபாய் காயின் செல்லாதுன்னு யார் சொன்னது?



"காயின் வேணாம்பா, நோட்டு இருந்தா குடு." அச்சரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் பத்து ரூபாய் காயினை நீட்டிய எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். காரணம் கேட்டால், "யாரும் வாங்க மாட்டேங்கறாங்க" என்பார்கள். அந்த "யாரும்" யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது!

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். ரூபாயின் கதை 1540களில் ஷேர் ஷா சூரி அடித்த வெள்ளி ரூபியாவில் தொடங்குகிறது. ஒன்றின் எடை சுமார் 11.5 கிராம். அன்றைக்கு வெள்ளியிலேயே காசின் மதிப்பு இருந்தது. இன்றைய காசின் மதிப்பு உலோகத்தில் இல்லை. சட்டத்திலும், அடுத்தவர் வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கையிலும்தான் இருக்கிறது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காயின்கள் 1000 ரூபாய் வரையிலான தொகைக்குச் செல்லும். அதாவது ஒரே நேரத்தில் நூறு பத்து ரூபாய் காயின்கள்! இன்னொரு வேடிக்கை. பத்து ரூபாய் நோட்டில் இருப்பது ரிசர்வ் வங்கி ஆளுநரின் வாக்குறுதி. காயினோ மத்திய அரசே நேரடியாக வெளியிடும் பணம். அதைத்தான் நாம் சந்தேகப்படுகிறோம்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது? 2009ல் புழக்கத்துக்கு வந்த இந்தக் காயின் பல வடிவங்களில் அடிக்கப்பட்டது. "ரூபாய்க் குறியீடு இல்லாதது போலி" என்று வதந்தி கிளம்பியது. அந்தக் குறியீடு ஏற்கப்பட்டதே 2010 ஜூலையில்தான். வடிவமைத்தவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். காயினில் அது இடம்பிடித்தது 2011ல். அதற்கு முன்பு அடித்த காயினில் எப்படி இருக்கும்?

2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. ஒரு பணம் செல்லாமல் போக அரசு முறையாக அறிவிக்க வேண்டும். 25 பைசா 2011 ஜூன் 30ல் அப்படித்தான் விடைபெற்றது. 2016 நவம்பரில் 500, 1000 நோட்டுகளும் அப்படித்தான். பத்து ரூபாய் காயினுக்கு அப்படி எந்த அறிவிப்பும் வரவில்லை.

கடைக்காரரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. அவரிடம் சரக்குப் போடுபவர் வாங்கவில்லை என்றால், கல்லாவில் தேங்கும் காயினை அவர் என்ன செய்வார்? ஆனால் இந்தச் சங்கிலியில் கடைசியில் மாட்டுவது பெரிய முதலாளி இல்லை. பூ விற்கும் அம்மாவின் கையில் இப்படிப் பத்து காயின் தங்கிவிட்டால், நூறு ரூபாய் முடங்கியது. அது அவருக்கு நாளைய பூவுக்கான முதல். ஜிபே வைத்திருக்கும் நமக்கு அந்த வலி தெரியாது.

என் கருத்து இதுதான். வதந்தியைத் துண்டறிக்கையால் கொல்ல முடியாது, புழக்கத்தால்தான் கொல்ல முடியும். பேருந்திலும் வங்கிக் கவுண்டரிலும் "பத்து ரூபாய் காயின் வாங்கப்படும்" என்று பெரிதாக எழுதி வைத்து, முகம் சுளிக்காமல் வாங்கினால் போதும். வங்கியில் போட முடியும் என்று தெரிந்தால் மொத்த வியாபாரி வாங்குவார். அவர் வாங்கினால் கடைக்காரரும் வாங்குவார்.

நம் பங்குக்கு, யாராவது சில்லறையாக இந்தக் காயினைக் கொடுத்தால் மறுக்காமல் வாங்குவோம். உண்டியலில் தூங்குவதை எடுத்துச் செலவழிப்போம். செல்லும் காசைச் செல்லாக்காசு ஆக்கியது நாம்தான். அதைச் செல்ல வைக்க வேண்டியதும் நாமே!