கேலி பதில் ஆகுமா? அறிவியல் விவாதத்துக்கும் ஒழுங்கு வேண்டும்

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டம். 24 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் தன் ஆய்வு முடிவை வாசிக்கிறார். லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போன தமிழ் இளைஞர் அவர். அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். அன்றைய வானியலில் அவருக்கு மேலே ஆள் கிடையாது. இளைஞரின் முடிவை எடிங்டன் அபத்தம் என்றார். விண்மீன் இப்படி நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். அரங்கம் சிரித்தது.

அந்த இளைஞர் சொன்னது சரி. சிரித்தவர்கள் சொன்னது தப்பு. ஆனால், இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது அது மட்டும் அல்ல.

சந்திரசேகர் சொன்னது என்ன?

எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே சுருங்கும். ஒரு கட்டத்தில் உள்ளே இருக்கும் எலெக்ட்ரான்களின் அழுத்தம் அந்தச் சுருக்கத்தை நிறுத்திவிடும். அப்படி அடங்கி நிற்பதுதான் ‘வெள்ளைக் குள்ளன்’. எல்லா விண்மீனுக்கும் கடைசி கதி இதுதான் என்று அப்போது பலரும் நம்பினார்கள். எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது சார்பியலையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார் சந்திரசேகர். சேர்த்துப் பார்த்தால் ஒரு வரம்பு வருகிறது. சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு நிறை. அதைத் தாண்டிய விண்மீனை எலெக்ட்ரான் அழுத்தத்தால் தாங்க முடியாது. இதற்கான முதல் கணக்கை 1930இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே அவர் போட்டுவிட்டார். அப்போது வயது 19.

பிசகு எங்கே?

எடிங்டன் மறுத்தது பிசகு அல்ல. ஒரு முடிவில் சந்தேகம் வந்தால் கேட்பது ஆய்வாளரின் கடமை. அவரிடம் வாதமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சார்பியலையும் குவாண்டம் கொள்கையையும் சந்திரசேகர் இணைத்த விதமே செல்லாது என்பது அவர் வாதம். அந்த வாதம் தவறாகப் போனது. அதுவும் குற்றம் இல்லை. தவறாகப் போகும் வாதங்கள் இல்லாமல் அறிவியல் நடக்காது.

பிசகு நடந்துகொண்ட முறையில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு முந்தைய மாதங்களில் எடிங்டன் சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து, வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தன் ஆட்சேபத்தை மட்டும் சொல்லவே இல்லை. அதே கூட்டத்தில் அவரும் பேசப்போகிறார் என்பதே முந்தைய நாள் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தபோதுதான் சந்திரசேகருக்குத் தெரியும். தனியாகச் சொல்லியிருக்க வேண்டியதைச் சபையில் வைத்துப் போட்டு உடைத்தார்.

இரண்டாவது, கேலி. ஒரு சமன்பாட்டில் எந்த வரி தவறு என்று காட்டினால் எதிராளி அதற்குப் பதில் சொல்லலாம். சிரிப்புக்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?

மூன்றாவது, பதில் சொல்லும் வாய்ப்பு. அதே 1935இல் பாரிஸில் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் கூட்டம் நடந்தது. அங்கேயும் எடிங்டன் இந்த முடிவைத் தாக்கிப் பேசினார். பதில் சொல்ல அனுமதி கேட்டு, தலைமை வகித்த ஹென்றி நாரிஸ் ரஸ்ஸலுக்குச் சந்திரசேகர் சீட்டு அனுப்பினார். பேசாமல் இருப்பதே நல்லது என்று ரஸ்ஸல் சொல்லிவிட்டார். பெரியவர் பேசி முடித்ததோடு விவாதமும் முடிந்தது.

நான்காவதுதான் மோசமானது. நீல்ஸ் போர், வுல்ஃப்காங் பாலி போன்ற இயற்பியலாளர்களுக்குச் சந்திரசேகர் பக்கம்தான் நியாயம் என்று தெரியும். தனிப்பட்ட முறையில் அதைச் சொல்லவும் செய்தார்கள். பொதுவில் வாய் திறக்கவில்லை. ‘நமக்கு எதுக்கு வம்பு’ என்கிற மனசு நோபல் பரிசு வாங்கியவர்களிடமும் உண்டு. டிராக், பெயர்ல்ஸ், பிரைஸ் ஆகிய மூவரும் எடிங்டனின் வாதம் நிற்காது என்று கட்டுரை எழுதியது 1942இல். அதற்குள் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன.

எழுதாத விதிகள்

அறிவியல் விவாதத்துக்கு நடத்தை விதி எதற்கு, உண்மை தானாக வெளியே வரும் என்று சிலர் சொல்வார்கள். வந்தது உண்மைதான். ஆனால், அதற்கு ஆன காலத்துக்கு யார் பொறுப்பு? இந்த ஒரு சம்பவத்திலிருந்தே நான்கு விதிகளை எடுத்துக்கொள்ளலாம். குறை இருந்தால் முதலில் சம்பந்தப்பட்டவரிடம் சொல்ல வேண்டும். கருத்தோடு மோத வேண்டும்; ஆளோடு அல்ல. விமர்சிக்கப்பட்டவருக்குப் பதில் சொல்ல நேரம் தர வேண்டும், அதைப் பார்த்துக்கொள்வது தலைமை வகிப்பவரின் வேலை. விஷயம் தெரிந்தவர்கள் தனியாக மட்டும் தட்டிக்கொடுத்துவிட்டு, சபையில் மௌனமாக இருக்கக் கூடாது.

‘இப்படி விதி போட்டால் யாரும் காரசாரமாப் பேச மாட்டாங்க’ என்று ஓர் எதிர்வாதம் உண்டு. இது சரியல்ல. கறாராகப் பேசுவது வேறு, கேவலமாகப் பேசுவது வேறு. ‘உங்கள் மூன்றாவது படி தவறு, காரணம் இது’ என்பதைவிடக் கறாரான விமர்சனம் கிடையாது. அதில் அவமரியாதை துளியும் இல்லை. உண்மையில் கேலிதான் விவாதத்தை மழுக்குகிறது. கேலி செய்பவர் காரணம் சொல்லாமல் தப்பித்துவிடுகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் இளையவர்கள் அடுத்த முறை சந்தேகத்தையே எழுப்ப மாட்டார்கள்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கும் இதில் பாடம் இருக்கிறது. இங்கே கேலியைவிட மௌனம்தான் பெரிய சிக்கல். கருத்தரங்கில் பேராசிரியர் பேசி முடித்ததும் ‘ஏதாவது கேள்வி இருக்கா?’ என்பார்கள். யாரும் எழ மாட்டார்கள். ‘சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்பது மரியாதை போலத் தெரியும். பல நேரம் அது பயம். ஆராய்ச்சி மாணவர் தன் நெறியாளரின் கணக்கில் தவறு கண்டுபிடித்தால், அதைச் சொல்ல வழி இருக்க வேண்டும். சொன்ன பிறகு அவர் பட்டத்துக்கு ஆபத்து வரக் கூடாது. பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே விதி என்று ஆகும்போதுதான் அது விதி.

அவமானப்பட்டவர் என்ன செய்தார்?

சந்திரசேகர் பதிலுக்குத் தூற்றவில்லை. 1937இல் அமெரிக்காவுக்குப் போய், சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தன் முடிவுகளை எல்லாம் 1939இல் ஒரு புத்தகமாகப் போட்டுவிட்டு, வேறு ஆய்வுக்கு நகர்ந்தார். எடிங்டனோடு நட்பும் கடிதப் போக்குவரத்தும் தொடர்ந்தன. எடிங்டன் 1944இல் இறந்தார். அவரது நூற்றாண்டை ஒட்டி 1982இல் கேம்பிரிட்ஜில் நினைவுச் சொற்பொழிவு ஆற்றியவர் சந்திரசேகர்தான். தன் காலத்தின் மிகச் சிறந்த வான் இயற்பியலாளர் என்று எடிங்டனைப் புகழ்ந்தார். அவர் எங்கே தவறினார் என்பதையும் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது.

இதைக் கேட்டு, ‘பெரிய மனுஷன், பொறுத்துப் போனார்’ என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. எல்லாராலும் அப்படிப் பொறுக்க முடியாது. சபையில் ஒருமுறை சிரிப்புக்கு ஆளாகி, ஆய்வையே விட்டுப் போனவர்களின் பெயர் வரலாற்றில் பதிவாகாது. அவர்கள் கையில் என்ன கணக்கு இருந்தது என்பதும் யாருக்கும் தெரியாது.

பின்னாளில் 1952 முதல் 1971 வரை சந்திரசேகர் ‘ஆஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னல்’ ஆய்விதழின் ஆசிரியராக இருந்தார். யாருடைய கட்டுரையை ஏற்பது, யாருடையதைத் திருப்புவது என்று முடிவு செய்யும் நாற்காலி. கறாரானவர் என்றுதான் அங்கே பெயர் எடுத்தார். கறாராக இருப்பதற்கு யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. அடுத்த கருத்தரங்கில் ஒரு மாணவர் தயங்கித் தயங்கிக் கை தூக்கினால், தலைமை வகிப்பவர் இதை நினைத்துக்கொண்டால் போதும்.